கப்பலேறியவர்களும் கரையில் நின்றவர்களும்

வெளிநாட்டுப் பயணம் என்பது இன்று எமக்குப் புதிய விடயமல்ல. படிப்புக்காக, உழைப்புக்காக, திருமணத்துக்காக, உயிரைக் காப்பாற்றிக் கொள்வதற்காக என்று எமது வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் கடல் கடந்து விட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிள்ளையை வழியனுப்பிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி வானில் ஏறுகின்ற தாய்மாரைக் காணாதவர்கள் எம்மில் குறைவு.

இந்தக் காரணங்களோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் ஊழியம். கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த இளம் பெண்கள் சிலர் இரண்டு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று 'மிசன் பயணம்' போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாயின் மகளும் அப்படி நேபாளத்துக்குப் போக ஆயத்தமானாள். அந்தத் தாய் என்னிடம் இப்படிக் கேட்டார்: "போறவளுக்குக் கடவுள் துணை எண்டு எல்லாரும் சொல்லுகினம். சரி. விட்டிட்டு இருக்கிற எங்களைப் பற்றி ஆர் யோசிக்கினம்?"

அவர் கேட்டது அவரது வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த பெண்களின் வீடுகளிலும் அதே கேள்வி இருந்தது. அவர்கள் நிறுவிய பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் எமக்குத் தெரியும். அந்தப் பயணத்துக்கு அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் கொடுத்த விலை அவ்வளவாகத் தெரியாது. அதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

அனுமதி கிடைக்காத பயணம்

1812ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து 'கரவன்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் இருந்த ஹரியற் நியூவெல் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 18. மிசனரி சாமுவேல் நியூவெலை மணமுடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் மிசனரிக் குழுவில் அவரும் ஒருவர்.

நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கல்கத்தாவில் இறங்கினால், அங்கே தங்குவதற்கு அனுமதியில்லை. இந்தியாவை ஆண்டுகொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மிசனரிமாரை விரும்பவில்லை. போதாக்குறைக்கு அந்த ஆண்டிலேயே அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் போர் மூண்டது. இன்று நாம் 'விசா நிராகரிக்கப்பட்டது' என்று சொல்வோமே, ஏறத்தாழ அதே நிலைமைதான். நியூவெல் தம்பதியர் மொறீசியஸ் தீவுக்குக் கப்பலேறினார்கள். ஹரியற் அப்போது கர்ப்பிணி. நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் அது இறந்தது. காச நோயால் மெலிந்துபோயிருந்த தாயும் 1812 நவம்பர் 30ஆம் திகதி மொறீசியசில் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 19. எந்த மக்களுக்குப் பணி செய்ய வேண்டும் என்று புறப்பட்டாரோ, அவர்கள் மத்தியில் ஒரு நாளேனும் வேலை செய்ய அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மனைவியையும் பிள்ளையையும் இழந்து தனித்துப்போன சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். இங்கே கம்பெனியின் ஆட்சி இருக்கவில்லை. இலங்கை அப்போது பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சியில் இருந்தது. தேசாதிபதி பிறவுண்றிக் மிசனரிமாரைத் தடுக்கவில்லை. யாழ்ப்பாணம் பணிக்கு ஏற்ற இடம் என்று நியூவெல் அமெரிக்காவுக்கு எழுதினார். அதன் பயனாக 1816இல் அமெரிக்க மிசனரிமாரின் முதலாவது குழு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. தெல்லிப்பளை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று இன்று நாம் அறிந்த அந்தப் பணியின் பின்னால், வேறொரு நாட்டில் மறுக்கப்பட்ட ஓர் அனுமதியும் ஓர் இளம் தாயின் மரணமும் இருக்கின்றன.

உடுவிலுக்கு வந்தவர்

1819 ஜூன் மாதம் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து 'இந்தஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. வின்ஸ்லோ, ஸ்போல்டிங், ஸ்கடர், வூட்வேட் ஆகிய நான்கு தம்பதியர் யாழ்ப்பாணத்தை நோக்கி அதில் வந்தார்கள். அந்தக் கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது அது ஒக்ரோபர் மாதம். வைத்தியர் ஜோன் ஸ்கடரும் மனைவி ஹரியற்றும் தங்கள் கைக்குழந்தையைக் கல்கத்தாவிலேயே அடக்கம் செய்துவிட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். பயணம் முடியவேயில்லை, அதற்குள் ஒரு பலி.

அதே கப்பலில் வந்த ஹரியற் வின்ஸ்லோ கனற்றிக்கற் மாநிலத்தின் நோர்விச் நகரில் 1796இல் பிறந்தவர். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவை நாம் எல்லோரும் அறிவோம். 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ தமிழ் - ஆங்கில அகராதி இன்றும் அறிஞர்களின் கையில் இருக்கிறது. அகராதி செய்த கணவரின் பெயர் நிலைத்துவிட்டது. 1824இல் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய மனைவியின் பெயரைக் கேட்டால், அங்கு படித்தவர்களைத் தவிர ஏனையோர் சற்று யோசிக்கத்தான் செய்வார்கள். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று அது. இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக இயங்கி வருகிறது.

அவர் வந்த காலம் இலகுவான காலமல்ல. பிறவுண்றிக் போனபின் பதில் தேசாதிபதியாக இருந்த எட்வேட் பார்ன்ஸ், இனி அமெரிக்க மிசனரிமார் எவரும் வரக்கூடாது என்று தடை போட்டார். 1820இல் அச்சு வேலைக்கென வந்திறங்கிய ஓர் இளைஞர் நாட்டை விட்டுப் போகும்படி கட்டளையிடப்பட்டார். அவர் பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று. ஏற்கனவே வந்தவர்கள் தங்கலாம். புதியவர்கள் வர முடியாது. பதின்மூன்று ஆண்டுகள் இந்தத் தடை நீடித்தது. நோயில் விழுந்தவர்களுக்குப் பதிலாக ஆள் வரவில்லை. இறந்தவர்களின் இடமும் நிரப்பப்படவில்லை. இருந்த சிலரே எல்லாவற்றையும் சுமந்தார்கள்.

1833இல் தடை நீங்கியது. அந்த ஆண்டு ஒக்ரோபரில் புதிய மிசனரிமார் வந்திறங்கினார்கள். அவர்களோடு ஹரியற்றின் தங்கையும் வந்தார். ஆனால் தமக்கை அங்கே இருக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரி மாதத்திலேயே, தமது 36ஆவது வயதில், ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் இறந்து போயிருந்தார். பதினான்கு ஆண்டுகள் காணாத அக்காவைத் தேடி வந்த தங்கைக்குக் கிடைத்தது ஒரு கல்லறைதான். ஹரியற்றின் சகோதரிகளுள் மூவர் பிற்காலத்தில் மிசனரிமாரின் மனைவியராக இப்பக்கம் வந்தவர்கள். ஒரே வீட்டிலிருந்து நான்கு பெண்பிள்ளைகள் புறப்பட்டுப் போனால், அந்த வீட்டுத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

பிள்ளைகளைக் கப்பலேற்றிய தாய்மார்

மிசனரிப் பெண்களின் வாழ்க்கையில் மிகவும் கொடுமையான விடயம் எது என்று கேட்டால், வெயிலோ காய்ச்சலோ மொழியோ அல்ல என்றே நான் சொல்வேன். பிள்ளைகளைப் பிரிவதுதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைகளை வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்புவது மிசனரிக் குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. இங்குள்ள காலநிலை பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்பது ஒரு காரணம். உயர்கல்வி மற்றொரு காரணம். பிள்ளைகள் உறவினர் வீடுகளில் அல்லது நண்பர்களின் வீடுகளில் வளர்வார்கள். தாய் இங்கே ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பார். தன் பிள்ளைக்கு அங்கே யார் யாரோ எழுத்தறிவிப்பார்கள்.

ஹரியற் வின்ஸ்லோவின் மகன் சார்ள்ஸ் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். சிறு வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். 1832இல் நியூயோர்க் நகரில் நோயுற்று இறந்தான். அப்போது தொலைபேசியோ தந்தியோ கிடையாது. கடிதம் கப்பலில்தான் வரவேண்டும். அதற்கு ஐந்து மாதமும் செல்லும், ஆறு மாதமும் செல்லும். மகன் இறந்த பின்னரும் அவன் உயிரோடு இருப்பதாக எண்ணித் தாய் பல மாதங்கள் பிரார்த்தித்திருப்பார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தாயும் போய்விட்டார். மனைவி இறந்தபின் மைரன் வின்ஸ்லோ தாயில்லாத பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய், அவர்களை அங்கே விட்டுவிட்டுத் தனியே திரும்பி வந்தார். பல ஆண்டுகளின் பின், 1864இல், முதுமையில் தாயகம் திரும்பும் வழியில் அவர் தென்னாபிரிக்காவின் கேப் நகரில் இறந்தார். வந்த நாட்டிலும் இல்லை, பிறந்த நாட்டிலும் இல்லை.

அந்தப் பெண்பிள்ளைகளுள் தாயின் பெயரையே கொண்ட ஹரியற் பிற்காலத்தில் ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிசனரியை மணந்து சென்னைக்கு வந்தார். 1950களில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் அவருடைய பேரன். உடுவில் பாடசாலையைத் தொடங்கிய பெண்மணிக்கு அவர் பூட்டப்பிள்ளை.

போருக்குப் பயந்து பிள்ளையைத் தனியே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்னர் அதன் திருமணத்தையும் பேரப்பிள்ளைகளையும் படத்தில் பார்த்த தாய்மார் எமது ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு ஹரியற் வின்ஸ்லோவின் துயரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. எமது தாய்மார் வேறு வழியின்றி அனுப்பினார்கள். மிசனரித் தாய்மார் தாமாகத் தேர்ந்துகொண்ட பாதை அது. ஆனால் அந்தப் பிள்ளைகள் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

பிள்ளைகளைக் கொடுத்த எமது தாய்மார்

கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உடுவிலில் படிப்பிக்க வந்தவர்களைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. 1835இலேயே ஹரியற் வின்ஸ்லோவின் வாழ்க்கை வரலாற்றை அவரது கணவர் எழுதி வெளியிட்டுவிட்டார். ஆனால் அந்நிய நாட்டவர் வீட்டில் பெண்பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட எமது தாய்மாரைப் பற்றி யார் எழுதினார்கள்?

பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. படித்த பெண்ணை யார் மணப்பார்கள் என்ற பயம். அந்நியர் வீட்டுச் சோற்றைத் தின்றால் சாதியை விட்டுப் போய்விடும் என்ற பயம். ஒரு மழை நாளில் மிசன் வீட்டுக்கு வந்த இரண்டு சிறுமிகள் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிப் பசியோடு இருந்து, கடைசியில் சாப்பிட்டு விட்டார்கள் என்றும், அதிலிருந்துதான் விடுதி தொடங்கியது என்றும் ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. ஒரு நேரச் சோற்றுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினையே இருந்தது என்பதை அந்தக் கதை காட்டுகிறது. இந்தப் பயத்தை அறிந்துதான் மிசன் உணவும் உடையும் கொடுத்தது. படித்து முடித்து மணமுடிக்கும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் கொடுத்தது.

இன்னொரு விடயமும் நடந்தது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால், அவர் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு வைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன்னால் 'கறல்' என்று வந்தது இவ்வாறுதான். உடுவில் சிறுமிகளுக்கும் இது நடந்தது. வள்ளியம்மையாகவோ சின்னாச்சியாகவோ வந்த பிள்ளை, தான் ஒருநாளும் காணாத ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயரோடு பாடசாலைப் பதிவேட்டில் ஏறினாள். கப்பலேறாமலே, படலையைத் தாண்டியதும் வேறொரு நாட்டுப் பெயருக்குள் போய்விட்டாள். உதவி செய்தவர் நல்ல மனதோடுதான் செய்தார். ஆனாலும் தாய் வைத்த பெயரை மாற்றும் உரிமை உதவிக்குள் அடங்குமா என்ற கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை. இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அதே வேளை அந்தச் சிறுமிகள் கற்ற கல்வியை யாராலும் பறிக்க முடியவில்லை. எழுத வாசிக்கத் தெரிந்த மனைவியராக, ஆசிரியைகளாக, பிள்ளைகளுக்குத் தாமே படிப்பித்த தாய்மாராக அவர்கள் ஊர்களுக்குத் திரும்பினார்கள். யாழ்ப்பாணத்தில் பெண் கல்வி வேரூன்றியதற்கு வந்தவர்களின் உழைப்பு ஒரு காரணம் என்றால், பயத்தை வென்று பிள்ளையைக் கொடுத்தவர்களின் துணிவு மற்றொரு காரணம்.

திரும்பிப் போகாத எலைசா

எலைசா அக்னியூ நியூயோர்க் நகரில் 1807இல் பிறந்தவர். எட்டு வயதில் பூகோள பாடத்தில் ஆசிரியை உலகப் படத்தைக் காட்டி விளக்கியபோதே தானும் தூர தேசத்துக்குப் பணிக்குப் போக வேண்டும் என்று அவர் எண்ணினாராம். ஆனால் வயதான பெற்றோரை விட்டுவிட்டு அவர் ஓடிப் போகவில்லை. அவர்கள் காலமாகும் வரை கூடவிருந்தார். அதன் பின்னரே, 33ஆவது வயதை அண்மித்த வேளையில் கப்பலேறி, 1840இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மணமுடிக்காமல் தனித்து இங்கு பணிக்கு வந்த முதல் பெண்களுள் அவரும் ஒருவர்.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் உடுவிலில் படிப்பித்தார். பாட்டி, மகள், பேத்தி என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினரும் அவரிடம் படித்தார்கள். விடுமுறை நாட்களில் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போய் அவர்களின் சுக துக்கங்களை விசாரிப்பார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவரிடம் கற்றதால் 'ஆயிரம் பெண்களின் தாய்' என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, நீராவிக் கப்பலில் சில வாரங்களில் போய்வரக் கூடிய காலம் வந்தது. ஆனாலும் 43 ஆண்டுகளில் ஒரு தடவையேனும் அவர் அமெரிக்காவுக்குப் போகவில்லை. முதுமையில் ஓய்வு பெற்று மானிப்பாயில் வாழ்ந்து, 1883இல் அங்கேயே இறந்தார்.

எல்லோரும் எலைசாவைப் போல் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, போவதற்கு முன் வீட்டுக் கடமையை முடித்தார். மற்றது, போன இடத்தில் தங்கினார். தங்கியதால் மொழி வந்தது. மொழி வந்ததால் ஒவ்வொரு வீட்டின் அடுப்படிக்கும் போகக் கூடியதாக இருந்தது.

மூன்று தடவை தட்டப்பட்ட கதவு

கல்கத்தாவில் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த ஸ்கடர் தம்பதியர் பண்டத்தரிப்பில் பணிபுரிந்தார்கள். பின்னர் 1836இல் சென்னைக்கு மாறினார்கள். அவர்களுடைய பேத்திதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டொக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870இல் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவரும் விட்டுவிட்டுப் போகப்பட்ட ஒரு பிள்ளைதான். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது அவர் சிக்காகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாய் போன இரவில் அவரது தலையணையைக் கட்டிக்கொண்டு அழுததை வாழ்நாள் முழுவதும் அவர் மறக்கவில்லை. தான் ஒருபோதும் மிசனரியாகப் போவதில்லை என்பதே அவரது முடிவு. 1890இல் தாய் நோயுற்றிருந்ததால் அவரைப் பார்ப்பதற்காக மட்டும் திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவருக்கும் ஒரே துயரம். மனைவி பிரசவத்தில் துடிக்கிறாள். வந்து உதவ வேண்டும். ஐடாவோ வைத்தியரல்லர். அவரது தந்தை வைத்தியர். ஆனால் ஆண் வைத்தியர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்து விட்டார்கள்.

அந்த இரவு ஐடாவின் முடிவை மாற்றியது. ஆனால் மறுநாளே அவர் பணி தொடங்கிவிடவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, அதன் பின்பே வேலூருக்கு வந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையை அங்கே ஆரம்பித்தார். இரக்கம் ஒரே இரவில் வந்தது. அதைப் பயன்படக் கூடியதாக ஆக்கப் பல ஆண்டுகள் சென்றன.

இன்றைய மிசன் பயணங்கள்

இப்போது பயணம் எவ்வளவோ சுலபம். காலையில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் இரவுக்குள் வேறொரு நாட்டில் இறங்கலாம். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் சுலபமாகப் போவதால் யோசிக்காமல் போகும் ஆபத்தும் கூடிவிட்டது. பணிக்காக நாடு விட்டு நாடு செல்ல நினைக்கும் சகோதரிகளும் அவர்களது குடும்பத்தினரும் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அனுமதி. ஹரியற் நியூவெலைத் தடுத்த கம்பெனி இன்று இல்லை. ஆனால் சட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மிசனரிமாருக்கெனத் தனியான விசா வகை உண்டு. சுற்றுலா விசாவில் போய் மதப்பணி செய்தால் நாடு கடத்தப்படலாம். நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டக்கோவை அதற்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. வெளிநாட்டவராயின் தண்டனையின் பின் நாடு கடத்தவும் இடமுண்டு. "சும்மா உல்லாசப் பயணி எண்டு சொல்லிப் போவம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள். பிடிபட்டால் வெளிநாட்டவர் விமானம் ஏறிவிடுவார். அவரை வீட்டில் வைத்திருந்த உள்ளூர்க் குடும்பம்தான் பொலிசுக்கும் அயலாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, யார் பொறுப்பு? நோய் வந்தால், விபத்து நடந்தால், பாலியல் தொந்தரவு ஏற்பட்டால் யாரிடம் சொல்வது? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? திரும்பி வரும் பயணச்சீட்டு உண்டா? காப்புறுதி உண்டா? ஊழியம் என்றவுடன் இவற்றைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டாம். கேட்பதற்குத் தாய் தந்தையருக்கு உரிமையுண்டு. கேட்டால் கோபப்படும் அமைப்போடு போகாமல் விடுவதே நல்லது.

மூன்றாவது, போய் என்ன செய்யப் போகிறோம்? மொழி தெரியாமல் இரண்டு வாரம் போய்ச் சிறுவர் இல்லமொன்றில் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு பிரிவு. அடுத்த மாதம் வேறொரு குழு வரும்; அதுவும் போகும். 2004 கடற்கோளின் பின்னும் போரின் பின்னும் எமது இல்லங்களுக்கு இப்படி வந்து போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். மற்றவர்கள் எமக்குச் செய்ததில் எது உதவியாக இருந்தது, எது வலித்தது என்பது எமக்குத் தெரியும். நாம் போகும்போது அதை மறந்துவிடக் கூடாது.

நாமும் போனவர்கள்தான். 1834இல் அமெரிக்க மிசன் மதுரையில் பணி தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் படித்த தமிழ் உதவியாளர்களும் கடல் கடந்து கூடப் போனார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர்கள் பணம் சேர்த்து, பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டியில் நடந்த பணியைத் தாங்கினார்கள். அந்த உதவியாளர்களின் வீட்டுப் பெண்கள் படலையடியில் நின்று என்ன நினைத்தார்கள் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன தாயிடம் இந்தக் கதைகளையெல்லாம் நான் சொன்னேன். அவர் மகளைத் தடுக்கவில்லை. ஆனால் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தார். விசா என்ன வகை, யார் பொறுப்பு, எந்த வீட்டில் தங்குவது, அந்த வீட்டாருக்கு ஆபத்து வருமா என்று மகள் கேட்டாள். சிலவற்றுக்கே பதில் வந்தது. பயணத்தைப் பிற்போட்டுவிட்டு இப்போது அவள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "போறது போறதுதான் அம்மா. ஏதாவது தெரிஞ்சுகொண்டு போறன்" என்று சொன்னாளாம்.

"அப்ப இன்னும் கொஞ்சக் காலம் என்னோடை இருப்பாள்" என்றார் தாய். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோசமும் இருந்தது, கவலையும் இருந்தது.